சளி துப்பத் தெரியாத நோயாளிகள்

இரண்டு வாரமாக விடாத இருமல். மாலையானால் உடம்பு சுடுகிறது, எடை ஏறவில்லை. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவிடம் மருத்துவர், ‘பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கலாம்’ என்பார். காசநோய் என்று சொன்னால் வீடே கலங்கிவிடும் என்பதால் நம்மூரில் நிலைத்துவிட்ட பெயர் அது. பெயர் எதுவானாலும் சிக்கல் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது: நோய் அதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

பெரியவர்களிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து, ‘நல்லா இருமித் துப்பிட்டு வாங்க’ என்றால் வேலை முடிந்தது. சின்னக் குழந்தைக்கு சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். விழுங்கியதை இரைப்பையில் போய்ப் பிடிப்பதுதான் பல காலமாக இருந்த வழி. விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியே மெல்லிய குழாயை இறக்கி சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள். குழந்தை கதறும், யாராவது இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கவும் வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் கிருமி அகப்படாமல் போவதே அதிகம். நுரையீரலில் குழி விழுந்த பெரியவரிடம் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமி, குழந்தையிடம் மிகச் சொற்பம்.

விழுங்கிய சளி இரைப்பையோடு நின்றுவிடுவதில்லை. குடல் வழியாக மலத்தில் வந்து சேர்கிறது, கிருமியின் டிஎன்ஏ அதில் அழியாமல் இருக்கிறது. ஒரு சிறு துண்டு மலத்தை அதற்கான திரவத்தில் போட்டுக் குலுக்கி, சிறிது நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை ‘எக்ஸ்பர்ட் அல்ட்ரா’ கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதும் அதிலேயே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த மலப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழாய் இல்லை, அழுகை இல்லை.

ஆனால் இதை மந்திரக்கோலாக நினைத்துவிடக் கூடாது. வேறு வழியில் கிருமி உறுதியான குழந்தைகளிலும் மலப் பரிசோதனை ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் பிடிக்கிறது. ‘இருக்கிறது’ என்று சொன்னால் நம்பலாம், ‘இல்லை’ என்று சொன்னால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதனால்தான் அதே வழிகாட்டி, கிருமி அகப்படாவிட்டாலும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்து மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. 12 நாடுகளைச் சேர்ந்த 4,700க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்து உருவான கணக்கு இது. ஆதாரம் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் மருந்து எழுதும் மருத்துவரை அவசரக்காரர் என்று நினைக்கத் தேவையில்லை. காசநோயால் இறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே தொடங்கப்படாதவர்கள்.

இனி மருந்து. ஆறு மாதம் என்ற கணக்கு 1970களில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. குழந்தைகளுக்கும் அதையே எடுத்து வைத்துவிட்டார்கள். கிருமி குறைவாக இருக்கும் உடலுக்கு அவ்வளவு நாள் எதற்கு என்று முறையாகக் கேட்டது ‘ஷைன்’ ஆய்வு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில், கடுமையாக இல்லாத காசநோய் கொண்ட, 16 வயதுக்குட்பட்ட 1,204 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு மாதமும் மறுபாதிக்கு ஆறு மாதமும் மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேர் மூன்றரை வயதுகூட நிரம்பாதவர்கள். சிகிச்சை தொடங்கி 72 வாரம் வரை கவனித்ததில், மருந்து பலிக்காதது, நோய் திரும்பியது, இடையில் வராமல் போனது, இறந்தது எல்லாம் சேர்த்து நான்கு மாதக் குழுவில் 16 பேர், ஆறு மாதக் குழுவில் 18 பேர். வித்தியாசமே இல்லை. 2022 மார்ச்சில் முடிவு வெளியானது. கடுமையற்ற காசநோய் உள்ள, மூன்று மாதம் முதல் 16 வயது வரையிலானவர்களுக்கு நான்கு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

இந்த ஆய்வின் இந்திய மையங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளி சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னதும் இதே இடம்தான். நாம் அதிகம் பேசாத பெருமை அது.

மாத்திரையை நொறுக்கி, அளவை உத்தேசமாகப் பிரித்து, குழந்தையின் வாயைத் திறந்து புகட்டிய வீடுகளுக்குத்தான் இரண்டு மாதம் குறைவதன் அருமை தெரியும். இப்போது தண்ணீரில் கரைகிற, பழச்சுவை சேர்த்த, குழந்தைக்கென்றே அளவிட்ட கூட்டு மாத்திரைகள் வந்திருக்கின்றன. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பதற வேண்டாம், ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நான்கு மாதம் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. மூளைக் காய்ச்சலாக வந்த காசநோய்க்கும், நுரையீரலில் குழி விழுந்ததற்கும், மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கும் கணக்கு வேறு. குழந்தை தேறிவிட்டதென்று மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர் யாருக்காவது காசநோய் என்று தெரிந்தால், இருமல் வரட்டும் என்று காத்திராமல், குழந்தைகளை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் வந்திருக்கிறதா என்ற பரிசோதனையும், வராமல் தடுக்கும் மருந்தும் அங்கே இலவசம்.