திருச்சபை வரி: பதிவின்போது கவனிக்க வேண்டியவை

ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில் சீர்திருத்தத் திருச்சபை, உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை, கிறிஸ்து கத்தோலிக்கத் திருச்சபை ஆகிய மூன்றும் பொதுச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்டவை. இவற்றின் உறுப்பினர்கள் வருமான வரியுடன் திருச்சபை வரியும் செலுத்துகின்றனர். புதிதாகக் குடிவருவோர் 14 நாட்களுக்குள் பதிவு செய்யும்போது சமயமும் கேட்கப்படும். வரி அவ்விடையைப் பொறுத்தது.

சுவிஸில் தமிழர் பலர் கூடும் பெந்தெகொஸ்தே முதலிய சுதந்திர சபைகள் காணிக்கையால் இயங்குகின்றன. அவற்றைச் சேர்ந்தவர் ‘புரட்டஸ்தாந்து’ என்று மட்டும் எழுதினால், சீர்திருத்தத் திருச்சபையினராகக் கருதப்பட்டு வரி கோரப்படலாம். அழைப்பை ஏற்று ஆராதனைக்கோ விருந்துக்கோ செல்வதால் மட்டும் எவரும் வரிக்குரியவராவதில்லை. சைவர்களுக்கும் இவ்வரி இல்லை.

ஆலயத்திற்குச் செல்லாதிருப்பது விலகலாகாது. விலக விரும்புவோர் அதனை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். விலகியோரும் வழிபாட்டில் பங்குபற்றலாம். ஆயினும் திருமணம், நல்லடக்கம் போன்ற சடங்குகளை உரிமையுடன் கோர இயலாது. முடிவெடுக்குமுன் குடும்பத்தினருடன் இதனைப் பேசிக்கொள்வது நன்று.