ஒரு யூனிட்டின் விலை என்ன?

உங்களிடம் 10 ரூபாய் இருக்கிறது. அதைக்கொண்டு இருபது கம்பெனிகளின் பங்குகளை வாங்க முடியுமா? தனியாக முடியாது, பலர் சேர்ந்தால் முடியும். பரஸ்பர நிதியின் அடிப்படை இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 1,000 ரூபாய். இதை 100 சம கூறுகளாக்குவோம். ஒரு கூறுக்கு யூனிட் என்று பெயர். நிதியை நிர்வகிப்பவர்கள் இப்பணத்தில் பல கம்பெனிகளின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்குகிறார்கள். ஒரு கம்பெனி நொடித்தாலும் பணம் முழுவதும் போய்விடாது. ஆனால் சந்தையே சரிந்தால் நிதியும் சரியும்.

யூனிட்டின் மதிப்பைக் காண்பது எளிது. சொத்துகளின் அன்றைய சந்தை விலையைக் கூட்டுங்கள். செலவுகளையும் கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் கழியுங்கள். மீதியை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கிடைக்கும் ஈவுதான் நிகரச் சொத்து மதிப்பு. நமது நிதி 1,200 ரூபாயாக வளர்ந்தால் யூனிட் 12 ரூபாய். 800 ஆகக் குறைந்தால் 8 ரூபாய்.

மதிப்பு 8 ரூபாயாக இருக்கும்போது, விலகுவோருக்கு 10 ரூபாய் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் 40 பேர் 400 ரூபாயுடன் போகிறார்கள். மீதி 400 ரூபாய்; யூனிட்டுகளோ 60. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 ரூபாய் 67 காசுதான். மேலும் 40 பேர் விலகினால் பெட்டி காலி! கடைசி 20 பேருக்கு ஒன்றுமில்லை. முந்தியவர்கள் கொண்டுபோனது பிந்தியவர்களின் பணம்.

இது வெறும் கற்பனை அல்ல. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, 1964-இல் 'யூனிட் திட்டம் 64' என்பதைத் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் சேர்ந்தனர். ஆனால் அதன் விலையை நிர்வாகமே அறிவித்துவந்தது. நிகரச் சொத்து மதிப்போடு அது இணைக்கப்படவில்லை. சொத்து மதிப்பு அறிவித்த விலைக்குக் கீழே இறங்கியிருப்பது 1998-இல் தெரியவந்தது. பலர் பணத்தைத் திரும்பக் கேட்டனர். 2001 ஜூலையில், யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை ஆறு மாதம் நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. 2003-இல் அந்த நிறுவனமே இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

இன்று, விரும்பியபோது விலகக்கூடிய நிதிகள் ஒவ்வொரு வேலை நாளும் தம் நிகரச் சொத்து மதிப்பை வெளியிடுகின்றன. அந்தச் சிறிய எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரு நிதியின் யூனிட் 20 ரூபாய், மற்றொன்றின் யூனிட் 200 ரூபாய். இரண்டும் நூற்றுக்குப் பத்து வளர்ந்தால், எதில் போட்ட 1,000 ரூபாய் அதிகமாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!