நெருக்கினாலும் சிதையாத எழுத்து

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும்போது, கையால் எழுதிய கடைப் பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? இடம் போதாவிட்டால் ஓவியர் எழுத்துகளை ஒடுக்கி எழுதுவார். தூரிகைக் கோட்டின் பருமன் மட்டும் மாறாது. கணிப்பொறியில் எழுத்தைப் பக்கவாட்டில் வெறுமனே நெருக்கினாலோ நிமிர்ந்த கோடுகள் மெலியும். படுத்த கோடுகள் தடித்தே நிற்கும். பார்க்கச் சகிக்காது!

இக்குறையைத் தீர்ப்பவை மாறும் எழுத்துருக்கள். 2016-இல் ஆப்பிள், அடோபி, கூகுள், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் சேர்ந்து இம்முறையை அறிவித்தன. மும்பையின் ஏக் டைப் குழுவினர் அமைத்த 'அனேக் தமிழ்' இவ்வகையினதே. அதில் பருமன் 100 முதல் 800 வரையிலும், அகலம் 75 முதல் 125 வரையிலும் மாறும்.

எழுத்தின் வெளிக்கோடு புள்ளிகளால் ஆனது. மெல்லிய எழுத்தில் 100 என்ற இடத்திலுள்ள புள்ளி, தடித்த எழுத்தில் 180-இல் இருப்பதாகக் கொள்வோம். பாதித் தடிப்புக்கு அது 140-இல் நிற்கும். நீங்கள் படித்த விகிதக் கணக்குத்தான்! இரு வடிவங்களிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

மென்பொருளுக்குள் அளப்பவர் ஒருவர், வரைபவர் ஒருவர் எனலாம். அளப்பவர் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல். 'கொ' என்றால் கொம்பை முன்னும் காலைப் பின்னும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குவது அதன் வேலை. வெளிக்கோட்டை நிரப்பி வரைவது ஃப்ரீடைப் போன்ற நிரல். 'பருமன் 800' என்று வரைபவரிடம் மட்டும் சொல்லி, அளப்பவரிடம் சொல்ல மறந்தால்? மெல்லிய எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தடித்த எழுத்து வந்து உட்காரும். 'குற்றாலம்' என்ற சொல், சாரல் காலத்துக் குற்றாலப் பேருந்துபோல் நெரியும்! அளப்பவரிடமும் அதே 800-ஐச் சொல்லிவிட்டால் எழுத்துகள் விலகி அமரும்.