உப்புத் தண்ணீருக்கு அரளி, நல்ல தண்ணீருக்கு நித்தியகல்யாணி

தூத்துக்குடியில் வாசலுக்கு என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். இந்த ஊரில் தண்ணீர் இரண்டு வகை. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர். போர்வெல்லில் ஏறுவது பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீரைப் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிய பிறகு, செடிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஆசையாக வாங்கிய ரோஜா முதல் கோடையிலேயே இலை விளிம்பு கருகி நிற்பதற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல.

வருடம் முழுக்கப் பூக்க வேண்டும், ஒரு முறை வைத்தால் பல வருடம் இருக்க வேண்டும், இந்தக் கரையைத் தாங்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டால், நான் நம்பிச் சொல்லக்கூடியவை இரண்டு செடிகள். ஒன்று அரளி, இன்னொன்று நித்தியகல்யாணி. தாவரவியலில் இரண்டும் அப்போசைனேசி என்ற ஒரே குடும்பம். இரண்டுக்கும் ஐந்து இதழ். இரண்டுமே நஞ்சு. ஆனால் அவை கேட்கிற நிலமும் நீரும் வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே வரிசையில் நட்டு, ஒரே ஹோஸைப் பிடிப்பதால்தான் பாதித் தோட்டங்கள் வீணாகின்றன.

முதலில் அரளி. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டில், லாரிப் புகைக்கும் தார்ச் சூட்டுக்கும் நடுவே அதுதான் பூத்து நிற்கிறது. 1945 அணுகுண்டுக்குப் பின் ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடிகளுள் ஒன்று என்று அந்நகர மக்கள் போற்றுவதும் அரளியைத்தான்; 1973-இல் அதை நகரின் மலராகவே அறிவித்தார்கள். அந்த உறுதி இலையிலிருந்து வருகிறது. கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: அரளி இலையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மேல்தோல் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளாகத் தெரியும். இலை மூச்சு விடும் துளைகள் எல்லாம் அடிப்புறத்தில், குழிகளுக்குள், மெல்லிய மயிர்களின் மறைவில் இருக்கும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மற்ற செடிகளின் ஈரத்தை உறிஞ்சும்போது அரளி தன் ஈரத்தை அந்தக் குழிகளுக்குள் காத்துக்கொள்கிறது. கடலிலிருந்து வரும் உப்புத் தூற்றலும் அந்தத் தடித்த தோலைத் தாண்டிச் சுலபமாக உள்ளே போவதில்லை.

அதனால் தெரேஸ்புரம், தருவைகுளம் போலக் கடலைப் பார்த்த வீடுகளுக்கு, காற்று மோதும் பக்கத்தில் அரளியை வேலியாக வைப்பதே சரி. அதன் மறைவில் மென்மையான செடிகள் பிழைக்கும். உப்புத் தண்ணீரையும் அரளி ஓரளவு பொறுக்கும். வீட்டு ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அதைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தி, தரையில் வேர் பிடித்த அரளிக்கு ஊற்றுங்கள். அதற்கும் நல்ல மழை பெய்து மண்ணைக் கழுவ வேண்டும் என்றாலும், சமாளிக்கும்.

அரளி கேட்பது இடம். எட்டுப் பத்து அடி வளரும் செடியைச் சுற்றுச்சுவருக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் நடுவே திணித்தால் வெயில் தேடி உயரத் தாவி, கீழே மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு பூ காட்டும். புதுத் துளிரின் நுனியில்தான் பூ வரும். ஆகவே வெட்ட வேண்டும்; வெட்டத் தயங்குகிறவர்களுக்கு அரளி பூப்பதில்லை. வெட்டிய குச்சியில் ஒரு சாண் எடுத்து ஈர மண்ணில் ஊன்றினால் அடுத்த செடி தயார். திருச்செந்தூர் முருகனுக்குச் செவ்வரளி மாலை கட்டும் குடும்பங்கள் இருக்கும் மாவட்டத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வெட்டிய கிளையைப் பற்றி. பச்சை அரளியை ஆடு அதன் கசப்புக்காக ஒதுக்கும். வெட்டிக் காய்ந்த இலையில் கசப்பு குறைந்துவிடும், இதயத்தைத் தாக்கும் நஞ்சு குறையாது. தெருவில் ஆடு மேயும் ஊரில் அரளிக் கழிவைக் குப்பைமேட்டில் போடக்கூடாது. குச்சியை அடுப்பெரிக்கவும் கூடாது. சின்னக் குழந்தைகள் தவழும் முற்றத்தில் அரளியே வேண்டாம் என்பது என் முடிவு. மஞ்சள் அரளி என்று நாம் சொல்வது வேறு செடி, அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. அதன் கொட்டை இன்னும் ஆபத்தானது, அதை நான் எந்த வீட்டுக்கும் சொல்வதில்லை.

நித்தியகல்யாணிக்கு வருவோம். சுடுகாட்டு மல்லி என்று பேர் வைத்து, வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் உண்டு. யாரும் தண்ணீர் ஊற்றாத சுடுகாட்டு மணலிலும் தானே முளைத்துத் தானே பூக்கும் குணத்தால் வந்த பேர் அது. அதற்காக ஒதுக்குவது அந்தச் செடிக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மடகாஸ்கர் தீவில் பிறந்து கப்பலேறி உலகமெங்கும் பரவிய செடி. பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையை வேகவைத்துக் குடித்துவந்தார்கள். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950-களில் சோதனையைத் தொடங்கினார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த இலையின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது மருந்தாகலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அந்த இலையிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து 1958-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே இலையின் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ வரை.

அந்த இலையில் ஒரு பங்கு நம் மாவட்டத்து மானாவாரிக் கரிசலில் விளைகிறது. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, வருடம் முடியும்போது வேரோடு பிடுங்குவார்கள். வேரில் இருக்கும் அஜ்மலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்தாகப் போகிறது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்ட இந்தக் கரையிலிருந்து அவுரி இலையோடு நித்தியகல்யாணி இலையும் வேரும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகின்றன. அப்படிப்பட்ட செடியை மரியாதையாக வாசலில் வைக்கலாம். ஆனால் காலையில் ஐந்து பூவை மென்றால் சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எலிகளின் வெள்ளை அணுக்களைச் சரித்த அதே சத்துகள்தான் அந்தச் செடியில் இருக்கின்றன.

வளர்ப்பில் அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: வேரில் நீர் தேங்கக்கூடாது. வறட்சியை அது தாங்கும். மத்தியானம் இலை தொங்கி மாலையில் நிமிரும். உப்பையும் சற்றுத் தாங்கும், ஆனால் வளர்ச்சி குன்றும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உப்புக் கலந்த நீர் ஊற்றிச் சோதித்தபோது செடி சிறுத்தது, வேரில் அஜ்மலிசின் கூடியது. மருந்து வியாபாரிக்கு அது லாபம். பூவுக்காக வளர்க்கும் நமக்கு நஷ்டம். அதனால் கிடைக்கும் நல்ல தண்ணீரில் ஒரு குவளை இதற்குத்தான். மணல் கலந்த மண், அடியில் ஓட்டை அடைபடாத தொட்டி, அல்லது தரையைவிட அரையடி உயர்ந்த பாத்தி போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 65 செ.மீ. அளவுதான், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்ந்த பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி நிற்கும் நீரில் வேர் பிடித்த அரளி பெரும்பாலும் இலை உதிர்த்துவிட்டுத் திரும்பத் துளிர்க்கும். நித்தியகல்யாணி வேரழுகிச் சாயும்.

அங்கேதான் இரண்டின் வாழ்க்கைமுறையும் பிரிகிறது. அரளி தன் கட்டையைக் காப்பாற்றிக்கொண்டு பல வருடம் நிற்கும் செடி. நித்தியகல்யாணியின் கட்டை இரண்டு மூன்று வருடத்தில் முதிர்ந்து பூ குறையும். ஆனால் அதற்குள் காலடியில் விதை சிந்தியிருக்கும். தாய்ச்செடி அழுகிய இடத்தில், நீர் வடிந்ததும் நாற்றுகள் எழும்பும். களை என்று அவற்றைச் செதுக்கிவிடும் கைதான் அந்தச் செடியின் நிலைப்பை முறிக்கிறது.

இரண்டும் ஒரே குடும்பம் என்பதைப் பூச்சியிலும் பார்க்கலாம். கழுத்துப் பக்கம் நீலக்கண் போன்ற இரண்டு பொட்டுகளோடு விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு அரளியைத் தின்னும். அருகில் நித்தியகல்யாணி இருந்தால் அதையும் விடாது. கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். அரளித் துளிரில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிரும். நித்தியகல்யாணியில் பூ பச்சையாகி இலையாகத் திரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

இந்த வருடம் தொடங்க நினைப்பவர்கள் நித்தியகல்யாணிப் புது விதையை மணலோடு கலந்து புரட்டாசிக் கடைசியில் தூவி, விதை மறையும் அளவு மண்ணால் மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். அரளிக் குச்சியை ஐப்பசி மழையில் ஊன்றுங்கள். ஏற்கெனவே நிற்கும் அரளியைத் தை பிறந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய கிளைகளைச் சாக்கில் கட்டித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கும்போது, உள்ளே இருப்பது அரளி என்று சொல்லிக் கொடுங்கள்.