தமிழ்த் திரையின் முதல் நாயகி

பேசாப் படங்கள் பேசும் படங்களாக மாறியபோது நடிப்புக்கலையின் இலக்கணமும் மாறியது. தோற்றப்பொலிவு மட்டும் போதாது. தெளிவாகப் பேசவும் இனிமையாகப் பாடவும் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. பின்னணி பாடும் முறை அன்று இல்லை. படம் பிடிக்கும்போதே நடிகர்கள் தம் குரலில் பாடினர். ஒலியும் உடன் பதிவாயிற்று. இந்த ஆற்றலை நாடகமேடை முன்பே வளர்த்திருந்தது. அம்மேடையிலிருந்து திரைக்கு வந்தவர் டி. பி. ராஜலட்சுமி.

இவர் 1911ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே இவருக்கு மணம் செய்துவைத்தனர். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. தந்தையின் மறைவுக்குப்பின் குடும்பம் வறுமையுற்றது. பெண்கள் மேடையேறுவதை இழிவாகக் கருதிய அக்காலத்தில் இவர் நாடகக்குழுவில் சேர்ந்து பாடி நடித்துக் குடும்பத்தைக் காத்தார்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய இப்படம் பம்பாயில் உருவானது. நாயகியான ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். மொழி கலந்திருந்தபோதும் திரையில் தமிழ் ஒலிப்பதைக் கேட்க மக்கள் திரண்டனர். காந்தியடிகளின் இராட்டையைப் போற்றி மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய பாடலையும் இவர் இப்படத்தில் பாடினார். அப்பாடலுக்கும் கதைக்கும் தொடர்பில்லை. ஆயினும் அந்நிய ஆட்சியில் அடங்கியிருந்த மக்களின் விடுதலை வேட்கையை அது எதிரொலித்தது.

'சினிமா ராணி' எனப் புகழப்பெற்ற பின்னரும் இவர் நடிப்போடு நிற்கவில்லை. 'கமலவல்லி' என்னும் புதினத்தை எழுதினார். அதனை 'மிஸ் கமலா' என்ற பெயரில் தாமே தயாரித்து, இயக்கி, நடித்து 1936இல் வெளியிட்டார். தமிழ்த் திரையுலகின் முதல் பெண் இயக்குநரானார். பெரும் படநிறுவனங்கள் நிறைந்த ஆலிவுட்டிலேயே அந்நாளில் தொடர்ந்து படம் இயக்கிய பெண் டாரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான். இதனோடு ஒப்பிட்டால் ராஜலட்சுமியின் துணிவு நன்கு விளங்கும்.

பெண்சிசுக் கொலைக்கு உள்ளாகவிருந்த குழந்தை ஒன்றை மீட்டு வளர்த்ததும் இவருடைய வாழ்வின் சிறப்பாகும். 1964ஆம் ஆண்டு இவர் மறைந்தார்.

'காளிதாஸ்' படத்தில் பிறர் எழுதித் தந்ததைப் பேசியவர், ஐந்து ஆண்டுகளில் தம் கதையைத் தாமே படமாக்கினார். எந்தக் கதையைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையைத் தமிழ்த் திரையில் முதன்முதலில் பெற்ற பெண் இவரே.