பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடுதல்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் பொங்கியெழுந்தபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை ஆகும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களில் உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் ஒதுங்கினர். உறவினரைத் தேடி வந்தோர்க்கு வேண்டியிருந்தது ஒரே விடைதான்: அந்தப் பெயர் எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா? இத்தேவையை உணர்ந்த இலங்கைக் கணினி வல்லுநர்கள் சில நாள்களிலேயே 'சஹானா' என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். காணாமற் போனோர் பதிவும் முகாம்களின் பதிவும் அதில் இடம்பெற்றன.

நிகழ்வுகளை வரிவரியாக எழுதிச் செல்லும் கோப்பினை லொக் கோப்பு என்பர். நேரம், இடம், பெயர் என ஒரு வரி. அடுத்த நிகழ்வுக்கு அடுத்த வரி. இதனை வாசித்து வேண்டியதை எடுத்துத் தரும் சிறு கருவியை எவரும் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். ஆயிரம் வரிகளுக்கு அது போதும். பத்து இலட்சம் வரிகள் சேர்ந்தபின்னரே குறை தெரியவரும்.

குறை எங்குள்ளது என்பதை முதலில் அளந்து அறிதல் வேண்டும். ஊகம் பெரும்பாலும் பிழைத்துவிடும். பல கருவிகள் ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாகப் பிரித்து, நேரத்தை எண்ணாக மாற்றி, அதன் பின்னரே பெயரைப் பார்க்கின்றன. வேண்டாத வரிக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு? பெயர் உள்ளதா என்று முதலில் பார்த்து, உள்ள வரியை மட்டும் பிரித்தால் உழைப்பின் பெரும்பகுதி குறையும். அடுத்தடுத்த வரிகள் ஒரே நிமிடத்தைச் சேர்ந்தனவாயின், முன்னர் கணித்த நேரத்தையே மீண்டும் பயன்படுத்தலாம்.

பெயரைத் தேடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரொபர்ட் போயர், ஜே மூர் என்னும் இருவர் 1977 இல் வெளியிட்ட முறை, தேடும் சொல்லின் இறுதி எழுத்திலிருந்து ஒப்பிடத் தொடங்குகிறது. அங்குள்ள எழுத்து அச்சொல்லிலேயே இல்லாததாயின், சொல்லின் நீளம் முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடலாம். எல்லா எழுத்தையும் பார்க்காமலே தேடி முடிப்பது இதன் சிறப்பு.

தமிழுக்கு வந்தால் சிக்கல் வேறு. யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. முதற் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. வேறுபாடெல்லாம் பெரும்பாலும் மூன்றாவதிலேயே தங்கியுள்ளது. ஆகவே, ஆங்கிலத்திற்கு எழுதப்பட்ட கருவி முதற் பைட்டைத் தேடிச் சென்றால், தமிழ் வரியில் ஒவ்வொரு குறியிலும் தடுக்கி நிற்கும். பெயரில் அரிதாக வரும் ஒரு குறியின் மூன்றாம் பைட்டைத் தேடுமாறு மாற்றினால் அத்தடை நீங்கும்.

இத்தனையும் செய்தபின், கல்முனைப் பகுதியில் இன்னொன்றும் எதிர்ப்படும். முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் பலவாறு எழுதப்படுகிறது. விரைந்து தேடும் கருவி, விரைந்தே "இல்லை" என்று கூறிவிடும். உறவினரைத் தேடி வந்தவர் அவ்விடையை நம்பித் திரும்பிவிடுவார் அன்றோ! எனவே ஒவ்வொரு வரியும் எழுதப்படும் வேளையிலேயே, உள்ள பெயரோடு பொதுவடிவம் ஒன்றையும் சேர்த்து எழுதிவிடுதல் நன்று. அச்சிறு வேலை வரிக்கு ஒருமுறைதான். தேடல்களோ எத்தனை முறை நிகழும் என்று சொல்ல இயலாது.