வெடிமருந்துக் காடு, சரளைக்கல் ஏரி

லண்டனின் விட்டன் ரயில் நிலையத்தில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் கிரேன் ஆறு வந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு பெரிய வாய்க்கால்தான். அங்கிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராக நடந்து, ஹவுன்ஸ்லோ ஹீத் என்னும் புதர்வெளியைக் கடந்து, டாங்கி வுட் காட்டுக்குள் புகுந்து, பிறகு மேற்கே திரும்பிப் பெட்ஃபாண்ட் ஏரிகளை அடைவது எனக்கு ஒரு முழு நாள் நடை. வரைபடத்தில் பார்த்தால் அரைநாள் போதும் என்று தோன்றும். ஜூலைக் கடைசியில் நடந்து பார்த்தால்தான் தெரியும். பிளாக்பெரி முட்கொடிகள் இரு பக்கமிருந்தும் கைகோத்துக்கொண்டு பாதையை மூடியிருக்கும். செந்தட்டியைப் போலத் தொட்டால் எரியும் நெட்டில் செடி தோள் உயரத்துக்கு நிற்கும். முழுக்கைச் சட்டை இல்லாமல் போனால் இரவு முழுவதும் கை எரியும். மழை பெய்த மறுநாள் என்றால் சேறு காலணியைப் பிடித்து இழுக்கும். லண்டனைச் சுற்றிவரும் 150 மைல் நடைபாதையான ‘லண்டன் லூப்’பின் ஒரு துண்டு இதன் வழியே போகிறது. வல்லூறுப் படம் போட்ட அதன் வழிகாட்டிப் பலகைகள் கோடையில் இலைகளுக்குள் மறைந்துவிடும்.

இந்தப் புதர்கள் எதன்மேல் வளர்ந்திருக்கின்றன என்று ஒவ்வோர் ஆண்டும் சற்று நின்று பார்க்கிறேன். இந்த வழியில் மனிதர் கை படாத காடு ஓரடிகூட இல்லை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் முடிந்துபோன ஒரு தொழில் கிடக்கிறது.

முதலில் வருவது செங்கல் கோபுரம். கிரேன் பூங்காவில், ஹவுன்ஸ்லோவும் ரிச்மண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. ‘ஷாட் டவர்’ என்பது பெயர். உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து விட்டுத் துப்பாக்கிக் குண்டு வார்த்த கோபுரம் என்பார்கள். தண்ணீர் இறைக்கக் கட்டியது என்பாரும் உண்டு. எதற்குக் கட்டியிருந்தாலும் அது நின்றது வெடிமருந்து ஆலைகளின் நடுவே. 16ஆம் நூற்றாண்டிலேயே கிரேன் ஆற்றோரம் வெடிமருந்து அரைக்கத் தொடங்கிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹவுன்ஸ்லோ ஆலைகள் நாட்டின் முக்கிய ஆலைகளுள் வைத்து எண்ணப்பட்டன. ஆற்றைப் பல கால்வாய்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்ச்சக்கரம் வைத்து, அந்தச் சக்கரங்களால் கல் உருளைகளைச் சுற்ற வைத்தார்கள். வெடியுப்பு முக்கால் பங்கு, மீதிக் கால் பங்கில் கரியும் கந்தகமும். வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்தது. கரி மட்டும் உள்ளூர்ச் சரக்கு. ஆற்றோர ஆல்டரையும் வில்லோவையும் அடியோடு வெட்டி, கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல் மீண்டும் தழைக்க விட்டு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டுவார்கள்.

வெடிமருந்து ஆலைகளில் ஆணி அடித்த காலணிக்கு இடமில்லை. ஒரு பொறி போதும். அதனால்தான் கொட்டகைகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்து, நடுவே மண்மேடு எழுப்பி மரம் வளர்த்தார்கள். அப்படியும் 1772 ஜனவரியில் மூன்று ஆலைகள் வெடித்தபோது, சில மைல் தள்ளி ஸ்ட்ராபெரி ஹில்லில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஆசையாகக் கட்டியிருந்த மாளிகையின் வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கின. வால்போல் கடிதம் எழுதுகிறவர். கண்ணாடி உடைந்த கதை நமக்குக் கிடைத்தது. ஆலைக்குள் வேலை செய்தவர்கள் கடிதம் எழுதவில்லை.

1926இல் ஆலைகள் மூடப்பட்டன. இன்று அதே கால்வாய்கள் தீவாக வளைத்த நிலம் லண்டன் வனவிலங்கு அறக்கட்டளையின் காப்பிடம். உருளைக் கற்களில் பாசி படர்ந்திருக்கிறது. வெடிப்பைத் தாங்கட்டும் என்று வளர்த்த மரங்களில் மரங்கொத்தி தட்டுகிறது. கரிக்காக வெட்டிய வில்லோக்களை இப்போது வெட்டுவாரில்லை. முதிர்ந்து, தாமே பிளந்து, ஆற்றின் குறுக்கே சாய்ந்து கிடக்கின்றன. கிடைத்த அமைதி பெரியது. அதே நேரத்தில், ஒரு கிளையைப் பார்த்தவுடன் இது எத்தனை ஆண்டுக் கிளை, எவ்வளவு கரி தேறும் என்று சொல்லத் தெரிந்த கண்கள் அந்த வேலையோடு போய்விட்டன. மரங்களின் பெயரே என்னைப் போன்றவர்களுக்குப் பலகையைப் பார்த்துத்தான் தெரிகிறது.

ஆற்றங்கரை ஓரமாக, ஆள் உயரத்துக்கு, இளஞ்சிவப்புப் பூக்களோடு ஒரு செடி அடர்ந்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது காசித்தும்பை என்றே நினைத்தேன். அதன் ஒன்றுவிட்ட உறவுதான். பெயர் ஹிமாலயன் பால்சம். 1839இல் பூங்காக்களுக்கு அழகு சேர்க்க இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். தெறித்த விதை ஆற்றோடு போய் அடுத்த கரையில் முளைக்கும். இன்று கரை முழுவதும் அதன் ஆட்சி. உள்ளூர்ச் செடிகளை அது மூடிவிடுவதால், பூத்துக் காய்க்கும் முன்னே தன்னார்வலர்கள் வந்து வேரோடு பிடுங்குகிறார்கள். வேர் ஆழமில்லை, சின்னப் பிள்ளைகூட இழுத்துவிடலாம். இமயமலையிலிருந்து வந்ததைக் கிள்ளி எறியும்போது என் கை சற்றுத் தயங்கும். ஆனால் பிடுங்கிய இடத்தில் அடுத்த வசந்தத்தில் வேறு பூக்கள் தலைகாட்டுவதைப் பார்த்த பிறகு, தயங்கியது தவறு என்று புரிந்தது.

ஆறும் பட்டிருக்கிறது. 2011 அக்டோபரில் கழிவுநீர் உள்ளே புகுந்து ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஆறு தன் உயிர்களைத் திரும்பப் பெற ஆண்டுகள் பிடித்தன.

மேலே போனால் ஃபெல்தமின் பழைய சரக்கு ரயில் யார்டு. முதல் உலகப்போரை ஒட்டிக் கட்டப்பட்டது. இரவு பகலாகச் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த இடம். 1969இல் மூடினார்கள். தண்டவாளம் போன இடத்தில் யாரும் நடாமலே பர்ச் மரங்கள் வந்து, ஐம்பது ஆண்டுகளுக்குள் தோப்பாகிவிட்டன.

அடுத்தது ஹீத். இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் கணக்கிலேயே தெரியும். 1546இல் எடுத்த ஓர் அளவையில் இதன் பரப்பு 4,293 ஏக்கர். இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 200 ஏக்கர். அன்று பதினான்கு ஊர்களின் மேய்ச்சல் நிலம் இது. நம் மேய்க்கால் புறம்போக்கு போல. ஏழைகள் மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலியடைப்புச் சட்டங்கள் வந்து, பொதுநிலம் துண்டு துண்டாகத் தனியார் கைக்குப் போனது. வசதியானவர்களுக்கோ ஹீத் என்றாலே நடுக்கம். மேற்கே பாத் நகருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் போகும் குதிரை வண்டிகளை வழிப்பறிக்காரர்கள் மறித்த வெளி இது. பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டு, பிணங்களைச் சாலையோரத்தில் தொங்கவிட்டார்கள். இன்று அதே வெளியில் மஞ்சள் கோர்ஸ் பூக்களுக்கு நடுவே நாய்களோடு நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிப் போகிறார்கள். அச்சம் போனது பெரிய லாபம். 4,000 ஏக்கர் போனது நட்டம். ஒன்றைக் காட்டி மற்றதை ஈடுகட்ட என்னால் முடிந்ததில்லை.

தமிழர்களுக்கு இந்த ஹீத்தோடு ஓர் உறவு உண்டு. இங்கே குடியிருக்கும் நம்மவர்களிலும் அதை அறிந்தவர்கள் சிலர்தான். 1784 கோடையில் வில்லியம் ராய் என்ற ராணுவ அதிகாரி, பாரிஸ் வானாய்வு நிலையத்தையும் கிரீனிச்சையும் முக்கோண அளவையால் இணைப்பதற்கு ஓர் அடிக்கோடு தேடி இங்கே வந்தார். மேடுபள்ளமில்லாத வெளி என்பதால் ஹீத் அவருக்குப் பிடித்தது. சிப்பாய்கள் புதர்களை வெட்டி, எறும்புப் புற்றுகளைச் சமன் செய்து, நேர்கோடாக ஒரு வழி எடுத்தார்கள். முதலில் மரக்கோல்களால் அளந்தார்கள். ஈரத்தில் மரம் நீண்டது. பிறகு இருபதடி கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து அளந்தார்கள். இன்றைய ஹீத்ரோவிலிருந்து ஹாம்ப்டன் வரை 27,404 அடி. 1791இல் எஃகுச் சங்கிலியால் மறுபடி அளந்தபோது ஐந்து மைலுக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தில் மூன்று அங்குலம்கூட வேறுபடவில்லை. பிரிட்டனின் நிலவரைபடங்களெல்லாம் இந்தக் கோட்டிலிருந்து கிளம்பியவை.

ராயைப் பின்பற்றி அதே முறையைச் சென்னைக்குக் கொண்டுபோனவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே தொடங்கி, பெரும்பாக்கம் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை மே மாத வெயிலில் அளந்து முடித்தார். அங்கே தொடங்கிய முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வடக்கே ஏறி, அரை நூற்றாண்டு கழித்து இமயத்தின் உச்சியை அளந்தன. 1856இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். ஹீத்தில் நிற்கும்போதெல்லாம் பரங்கிமலையின் படிக்கட்டு எனக்கு நினைவில் வரும். அன்று இரண்டு இடங்களிலும் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நட்ட கொடி தெரிந்திருக்கிறது. இன்று ராயின் கோட்டின்மேல் ஃபெல்தமின் வீடுகள். லாம்ப்டனின் கோட்டின்மேல் பெரும்பாக்கம் வரை அடுக்குமாடிகள். ராயின் இரு முனைகளிலும் நிமிர்த்திப் புதைத்த பீரங்கிகள் மட்டும் இருக்கின்றன. ஹீத்ரோ முனையிலிருந்த பீரங்கியை 1944இல் விமான நிலைய வேலைக்காகப் பிடுங்கினார்கள்; 1972இல் திரும்பக் கொண்டுவந்து நட்டார்கள்.

விமான நிலையம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1919 ஆகஸ்ட் 25 அன்று, உலகின் முதல் அன்றாடப் பன்னாட்டு விமானச் சேவை இந்த ஹீத்திலிருந்துதான் பாரிஸுக்குப் புறப்பட்டது. ஒரே ஒரு பயணி, ஒரு பத்திரிகைக்காரர். இரண்டரை மணி நேரப் பயணம். அந்த நவம்பரில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இங்கிருந்து கிளம்பி 28 நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார்கள். 1920இல் விமானங்கள் கிராய்டனுக்கு மாறின. ஓடுதளம் மறுபடி புல்வெளியானது. பக்கத்து ஹீத்ரோவில் 2024இல் சுமார் 8 கோடியே 39 லட்சம் பேர் ஏறி இறங்கினார்கள். அந்த ஒரு பயணி கிளம்பிய இடத்தில் இப்போது வானம்பாடிகள் இருக்கின்றனவா என்று காதைத் தீட்டிக் கேட்பேன். விமானம் ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் கேட்க வேண்டும்.

ஸ்டெயின்ஸ் சாலையைத் தாண்டி டாங்கி வுட். இந்த நடையில் மிகக் கடினமான பகுதி இது. மரப்பலகைப் பாதை சில இடங்களில் வழுக்கும், சில இடங்களில் சேற்றுக்குள் போயிருக்கும். இங்கும் வெடிமருந்து ஆலைகளின் இடிபாடுகள். மேற்கே திரும்பினால் லாங்ஃபோர்ட் ஆறு குறுக்கிடும். ஆறு என்கிறார்கள்; வெட்டிய கால்வாய். 1638–39இல் முதலாம் சார்லஸ் அரசர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டச் செய்தது. வெட்டுவித்த அரசரின் தலை பத்தாண்டில் போனது. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

மாலை நாலு மணி வாக்கில் பெட்ஃபாண்ட் ஏரிகள் தெரியும். முதன்முறை வந்தபோது, மலையேறிப் போய் ஏரியைக் கண்டவன் போலத்தான் நின்றேன். நாணலுக்கு நடுவே அவ்வளவு விரிந்த நீர். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் முழுவதும் காய்கறித் தோட்டங்களும் பழத்தோப்புகளும். விளைந்ததை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி லண்டன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும்போது நகரத்துக் குதிரைச் சாணத்தை எருவாக ஏற்றி வந்தார்கள். அந்த வளமான மண்ணுக்குக் கீழே சரளை இருந்தது. பனியுகத்தில் தேம்ஸ் இன்றைவிடப் பல மடங்கு அகலமாக ஓடி, உருட்டிவந்து போட்ட கல். 20ஆம் நூற்றாண்டில் லண்டனுக்குக் கான்கிரீட் தேவைப்பட்டது; மண்ணை விலக்கிக் கல்லை அள்ளினார்கள். அள்ளிய குழிகளில் சிலவற்றை ஊர்க் குப்பை நிரப்பியது, சிலவற்றை ஊற்றுநீர் நிரப்பியது. 1995இல் இதைப் பூங்காவாகத் திறந்தார்கள்.

ஆல்ப்ஸ் மலையின் ஏரிகளைப் பனியாறு குடைந்தது. இங்கே பனியுகம் கல்லைக் கொண்டுவந்து போட்டது, இயந்திரம் குடைந்தது. அதனால் இதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்பவர் கரை கட்டித் தேக்கியது. மலை ஏரி என்று நாம் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்த இரண்டும் கையால் ஆனவையே. அவை கட்டும்போதே ஏரி. இது கைவிட்ட பிறகு ஏரி ஆனது. போனது அந்தத் தோட்ட மண். ஓரடி மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். ஓர் இயந்திரம் அதை ஒரு காலைப்பொழுதில் வழித்துவிடும். பூங்கா எவ்வளவு அழகானாலும் அந்த மண் திரும்பாது.

ஏரிக்கரையில் மோனோலித் ஹில் என்று ஒரு குன்று. ஹவுன்ஸ்லோ நகராட்சிப் பகுதியிலேயே உயரமான இடம். அதுவும் கொட்டிய மேடுதான். மேலே ஏறி உட்கார்ந்தால் காற்று வேறாக இருக்கும். நாமக்கோழிகள் நாணலுக்குள் ஒதுங்கும். வடக்கே விமானங்கள் விளக்கு போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கும். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருபவர்கள் அவற்றில் எங்கேனும் இருப்பார்கள்.

திரும்புவதற்கு ஸ்டெயின்ஸ் சாலையில் பேருந்து இருக்கிறது. நாள் முழுவதும் நடந்த தூரத்தை அது அரைமணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு காலத்தில் வண்டிக்குள் இருந்தவர்கள் நகைகளை இருக்கைக்கடியில் ஒளித்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கடந்த சாலை இது. போன தடவை எனக்கு முன் இருக்கையில் ஒரு தாய். தோளில் குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹீத் இருட்டாக வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தெருவிளக்குகள் தொடங்கிவிட்டன.